மஞ்சள் நைட்டி

மகளின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போன வத்சலா, ஆறு மாதத்தில் வந்துவிடுவதாகத்தான் சொல்லியிருந்தாள். பேரன் இப்போது நடக்கிறான். அவள் கிளம்பிய நாளிலிருந்து, கொல்லைக் குளத்தில் அவள் வளர்த்த ஏழு கோய் வண்ணமீன்களும் அவள் கணவர் தாமோதரனைக் கண்டால் அடியில் போய்ப் பதுங்கின. போட்ட இரை மிதந்து ஊறியது. ஐந்தாம் நாள் வேறு வழி தெரியாமல், அவளுடைய மஞ்சள் நைட்டியை மாட்டி, அவளைப் போலவே தோளில் துண்டு போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. அன்றிலிருந்து தினமும் காலையில் அதுதான் உடுப்பு. ஒருமுறை பின்பக்கமாக வந்த சிலிண்டர்காரர் "அம்மா" என்று கூப்பிட, இவர் திரும்பினார். மீசையைப் பார்த்தவர் சிலிண்டரை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினார். வத்சலாவிடம் மட்டும், "மீனெல்லாம் எங்கிட்ட நல்லாப் பழகிடுச்சு, நீ நிதானமா வா" என்றே சொல்லிவந்தார்.

இன்று இரை போடும்போது வீடியோ அழைப்பு வந்தது. பழக்கத்தில் எடுத்துவிட்டார்.

"என்னங்க, அது என் நைட்டிதானே?"

பின்னால் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, சூப்பர்ப்பா!"

வத்சலா சிரிக்கவில்லை. சாயம் போன தோள்பட்டையையும் பிரிந்த தையலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இல்லாம நான் இரை போட்டா சாப்பிட மாட்டேங்குது, வத்சு."

"நீங்க சாப்பிடுறீங்களா?"

தாமோதரன் வாயைத் திறந்தார். காலடியில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.