பலூன் மேலே இருக்கிறது

உறைந்த கடல் பிளந்து, கறுத்த நீரிலிருந்து ஆவி எழுகிறது. சாய்ந்த வெயிலில் அது செம்புகையாய் மிதக்கிறது. அந்த வெப்பம் எவ்வளவு உயரம் ஏறுகிறதென்று அளக்கப் பலூன் விட்டிருக்கிறேன். அதன் கயிறு, அதைச் சுற்றி இழுக்கும் பொறியான என் விஞ்சில் விறைத்து முனகுகிறது. பிளவின் விளிம்பில், என் சக ஆய்வாளன் ஐவிந்த் நட்ட காற்றுமானிக் கம்பம் நீர்ப்பக்கம் சாய்கிறது. அதன் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி அவன் அலறுகிறான்.

"சுன்னிவா, ஓடி வா! ஒத்த ஆளா தாங்க முடியல!"

போன வருடம் என் கம்பம் இப்படித்தான் சாய்ந்தது. நான் கத்தினேன், விஞ்சருகே நின்றவன் அவன். அன்று அவன் சொன்ன பதிலை அப்படியே திருப்பித் தருகிறேன்.

"பலூன் மேல இருக்கு. விஞ்ச விட்டுட்டு எப்படி வர்றது?"

அவன் என்னைப் பார்க்கிறான். கயிறு கையுறையை உருவிக்கொண்டு போகிறது. கம்பம் மூழ்கிய இடத்திலும் ஆவி எழுகிறது. அதையும் சேர்த்தே அளக்கிறேன்.