பாதிக் கட்டணம்

மார்னியின் நாட்குறிப்பு, ஆகஸ்ட் 21, வியாழன். சின்னத் தவறு: நிதியுதவி அலுவலகத்தில் மூன்று தடவை நன்றி சொல்லிவிட்டேன். ஒரு தடவை போதும்.

"உங்களுக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுக்கப்போறோம், மிஸ் கோவாச்?" என்றார் திருமதி பிளங்கெட்.

மார்னி கோவாச் அப்போதுதான் இரண்டாவது நன்றியைச் சொல்லி முடித்திருந்தாள். பகலில் பல் மருத்துவரின் வரவேற்பு மேசை வேலை, மாலையில் சட்டக் கல்லூரி என்பது அவள் திட்டம். அமெரிக்காவின் டொலீடோ நகரில் அது பெரிய கல்லூரி இல்லை. கட்டணம் மட்டும் பெரிய கல்லூரிக் கட்டணம். அதில் பாதியைக் கல்லூரியே உதவித்தொகை என்று கழித்துக்கொள்கிறது. மீதிப் பாதிக்கு அரசாங்கக் கடன் கிடைத்தாயிற்று.

"ஒரே ஒரு நிபந்தனைதான்," என்று தாளைத் திருப்பி வைத்தார் பிளங்கெட். "வருஷக் கடைசியில மார்க் வரிசையில நீங்க உங்க பிரிவுல முதல் மூணுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும்."

"இல்லைன்னா?"

"அடுத்த வருஷத்துலேர்ந்து முழுக் கட்டணம். உங்களை மாதிரி ஆளுக்கு அந்தக் கேள்வியே எதுக்கு?"

மார்னிக்கு எப்போதும் அந்தக் கேள்விதான். "போன வருஷம் எத்தனை பேருக்கு இது நிலைச்சுது?"

"நல்லாப் படிச்சவங்க எல்லாருக்கும் நிலைச்சுது." பேனா நீண்டது. "உங்களைப் பிரிவு 'பி'யில போட்டிருக்கேன். நானே பார்த்துப் போட்டது. இன்னொண்ணு, உதவித்தொகை விஷயத்தை வகுப்புல யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. முழுசாக் கட்டறவங்க மனசு கஷ்டப்படும்."

என்ன மனசு இந்த அம்மாளுக்கு! மூன்றாவது நன்றி அங்கேதான் வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் டெனிஸ் வீட்டுச் சமையலறையில் விஷயத்தைச் சொன்னாள். அவன் டயர் கடையிலிருந்து வந்த கையோடு ஹாட் டாக் மேல் கடுகுச் சாஸைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"கல்லூரிக்காரன் சும்மா பணத்தை விடறானா? நீ கையெழுத்துப் போட்ட தாள்ல உன் கிட்னியும் இருந்துதான்னு பார்த்தியா?"

"பொறாமை உனக்கு."

"ஆமா, பொறாமைதான். என் கடையில பாதி விலைக்கு டயர் தரேன்னா, அதோட பேச்சு முடிஞ்சுது. 'வருஷம் பூரா பஞ்சர் ஆகாம ஓட்டு, ஆச்சுன்னா அடுத்த டயர்லேர்ந்து முழு விலை'ன்னு நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? சொன்னா செவுள்ல விடுவான்."

மார்னி சாஸ் பாட்டிலை எடுத்து மூடி வைத்தாள்.

"சரி, வக்கீலம்மா, நீயே சொல்லு. அந்தப் பாதி போயிட்டா என்ன பண்ணுவே?"

"பேங்க்ல கேக்கணும்."

"பேங்க்காரன் ஜாமீன் கேப்பான். உனக்கு ஜாமீன் போட என்னை விட்டா யாரு இருக்கா? நான் போட்டேன்னா நாங்க வீடு வாங்கக் கேட்டிருக்கற கடன் அம்போ. என் பொண்டாட்டி டீனா, வயித்துல இருக்கற குழந்தையோட ரூமுக்கு மஞ்சள் பெயின்ட்டா, பச்சையான்னு இப்பவே சண்டை போட்டுக்கிட்டிருக்கா."

"உன்கிட்ட வந்து நிக்கமாட்டேன், டெனிஸ். அங்க எல்லாரும் காசு கட்டி உள்ள வந்தவங்க. அந்தக் கூட்டத்துல மூணுல ஒரு பங்குக்குள்ளகூட நான் வரமாட்டேனா?"

"வந்துடு தாயே. எனக்குப் பெயின்ட் வாங்கணும்."

வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரத்திற்குள் பிரிவு 'பி' முழுவதையும் பார்த்து மார்னி மனதுக்குள் பரிதாபப்பட்டு முடித்திருந்தாள். பாவம், முழுப் பணம்! அதிலும் பக்கத்து இருக்கை யோலாண்டா பகலெல்லாம் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு, சீருடையோடு வந்து உட்காருகிறவள்.

"நீ முழுசாக் கட்டறியா?" என்று முதல் நாளே கேட்டாள் மார்னி.

"முழுசா. நீ?"

"நானும்."

 அந்தப் பொய்க்குப் பரிகாரம் போல, தலைப்புத் தலைப்பாக வண்ணம் தீட்டி எழுதிய தன் ஒப்பந்தச் சட்டக் குறிப்பு நோட்டை இரண்டாவது வார வியாழனன்று வகுப்பில் யோலாண்டாவிடம் நீட்டினாள்.

"எனக்கா? வழக்கெல்லாம் சுருக்கி எழுதியிருக்கே! இதை எவளாவது கொடுப்பாளா? நீ தங்கம்டி."

"வச்சுக்க. மெதுவாக் கொடு."

யோலாண்டா வாழைப்பழ ரொட்டியில் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். ஏனோ அவளும் மார்னியைப் பரிதாபமாகத்தான் பார்த்தாள்.

கதவு திறந்தது. காகிதக் கட்டோடு திருமதி பிளங்கெட்.

"மன்னிக்கணும், பேராசிரியர். நிபந்தனைத் தாள்ல இன்னொரு கையெழுத்து விட்டுப்போச்சு. உதவித்தொகை வாங்கறவங்க மட்டும் ஒரு நிமிஷம் வெளியே வந்துட்டுப் போகட்டும்."

மார்னிக்குக் காது சுட்டது. வெளியே சொல்லாதே என்றவரே இப்படிப் போட்டு உடைக்கிறாரே! யோலாண்டாவின் முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சுக்க, உன்கிட்ட அன்னிக்கு..." என்று முணுமுணுத்தபடி எழுந்தாள்.

பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அப்புறம் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக, மொத்த அறையும். யோலாண்டாவும் எழுந்தாள், எழுந்த வேகத்தில் மார்னியின் நோட்டைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தள்ளாம வாங்க, எல்லாருக்கும் பேனா இருக்கு," என்றார் பிளங்கெட். பிரிவு 'பி'யில் உட்கார்ந்திருந்தது பேராசிரியர் ஒருவர்தான். எழுந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அடுத்த வருஷமும் பாதிக் கட்டணம்.

செப்டம்பர் 4, வியாழன். நாளை செய்ய வேண்டியது: யோலாண்டாவிடமிருந்து நோட்டைத் திரும்ப வாங்குவது.