நொண்டி ராணிக்கு ஒரு நாற்காலி

நடுவர் கார்னிலியஸ் ப்யூ தாடியைத் தடவினார் என்றால் யாரோ ஒரு கவிஞர் தீர்ந்தார் என்று அர்த்தம்.

"அடுத்து, மலைக்கழுகு என்ற புனைபேரில் வந்த கவிதை." தடவினார். "இந்தக் கழுகு பறக்கலை. பஞ்சு அடைச்சு அலமாரியில வெச்ச கழுகு."

ஆலயக் கூடம் குலுங்கியது. மூன்றாம் வரிசையில் இருந்த இத்தெல் ப்ரோசரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பக்கத்து இருக்கையில் அவருடைய தொப்பி இருந்தது.

ஒரு காலத்தில் இந்த வேல்ஸ் மலைப்பக்கம் முழுக்க அறிந்த கவிஞர். அப்புறம் பல வருஷமாக ஒன்றும் வரவில்லை. கேட்டவர்களிடம், கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்பதாகச் சொல்வார். போதகர் எசேக்கியா அதை வைத்தே இரண்டு பிரசங்கம் செய்துவிட்டார். அந்த ஊரில் மற்றவர்கள் சும்மா இருந்தால் சோம்பேறி. இத்தெல் சும்மா இருந்தால் விசுவாசி.

மனைவி மோர்வித் மட்டும் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "கர்த்தர் வர்ற வரைக்கும் கை சும்மாதானே இருக்கு? இந்த உருளைக்கிழங்கை உரிங்க."

அவர் உரித்ததில்லை. மாடிக்குப் போய் ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே எப்போதும் மழை.

இந்த வருஷப் போட்டிக்குத் தலைப்பு 'காத்திருத்தல்' என்று அறிவித்தபோது அவருக்கு மெய் சிலிர்த்தது. கர்த்தர் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்? ஜெயித்தால் கவிஞருக்குரிய ஓக் நாற்காலி. ஜெயிக்காவிட்டால், இத்தனை வருஷம் காத்திருந்ததற்கும் சும்மா இருந்ததற்கும் வித்தியாசம் இல்லை.

"நாற்காலிக்குத் தகுதியானது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் நடுவர். தாடியை விட்டுவிட்டார். வாசித்தார்.

மாடியில் ஒருவர் கர்த்தருக்காகக் காத்திருக்கிறார்.
கீழே சூப் ஆறிக்கொண்டிருக்கிறது.
அதுவும் காத்திருப்புதான்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"மாடின்னா பரலோகம். சூப்புன்னா நம்ம மொழி. எழுதினவர் வெச்சிருக்கிற புனைபேரைக் கவனிங்க, நொண்டி ராணி! அது வேற யாரு? அடிபட்டும் தலை குனியாத நம்ம தேசம்!"

தேசம் கைதட்டியது.

எக்காளம் ஊதினார்கள். எழுந்து நிற்கும்வரை கவிஞர் யாரென்று சபைக்குத் தெரியக்கூடாது. அதுதான் வழக்கம்.

"நொண்டி ராணி எழுந்து நிற்கவும்!"

யாரும் எழவில்லை. எல்லாத் தலைகளும் திரும்பித் திரும்பித் தேடின.

மறுபடி எக்காளம். மறுபடி அந்தப் பேர்.

இத்தெலின் முழங்கால்கள் தாமாக நிமிர்ந்தன.

என்ன சொல்ல எழுந்தார் என்பது அவருக்கே தெரியாது. சொல்லவும் விடவில்லை. செயலாளர் அதற்குள், கவிதையோடு வந்த, நிஜப் பேர் எழுதி ஒட்டிய உறையைக் கிழித்து, உள்ளே இருந்ததை உரக்கப் படித்தார்.

"பேரே போடலையே! 'பென்-லான் வீடு'ன்னு மட்டும்தான் இருக்கு."

அந்தப் பக்கம் ஆட்களைச் சொந்தப் பேரால் யார் கூப்பிடுகிறார்கள்? வீட்டுப் பேர் போதும். பென்-லான் என்றால் இத்தெல்தான்.

"யோவ் பென்-லான், இத்தனை நாளா அமுக்கமா இருந்துட்டியேய்யா!" பின்வரிசையிலிருந்து கசாப்புக்கடைக்காரர் கத்தினார்.

இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து மேடைக்கு நடத்திப் போனார்கள். வழக்கப்படி தலைக்கு மேல் வாளைப் பாதி உருவிப் பிடித்தார்கள்.

"சமாதானம் உண்டா?"

"சமாதானம்!" என்றது சபை.

மூன்று தரம் கேட்பார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதுதான் இடம். முதல் தரம் இத்தெல் வாயைத் திறந்தார். இரண்டாம் தரம், போதகர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தார்.

மூன்றாம் தரம் சபையோடு சேர்ந்து அவரும் சொன்னார். "சமாதானம்."

வாள் உறைக்குள் போனது. நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது சில்லென்று இருந்தது.

போதகர் குனிந்து காதருகே வந்தார். "அண்ணே, கர்த்தர் தாமதிக்கிறதே இல்ல, பாத்தீங்களா? ஆமா, அந்த நொண்டி ராணி... நடுவர் சொன்னாப்ல, நம்ம தேசம்தானே?"

"கோழி," என்றார் இத்தெல்.

போதகர் சிரித்தார். எவ்வளவு தாழ்மை! அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிரசங்கம் தயார்.

கோழிதான். ஒரு கால் விந்தும் கிழட்டுப் பெட்டை. தினமும் சாயங்காலம் மோர்வித் பின்கதவில் நின்று, ஏப்ரனில் உருளைக்கிழங்குத் தோலோடு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் அவளை அடக்கம் செய்த பிறகு இத்தெலும் கூப்பிட்டுப் பார்த்தார். அது வரவில்லை.

அவர் அனுப்பியது மலைக்கழுகு.

அவள் எப்போது எழுதினாள், எப்போது தபாலில் போட்டாள், ஒன்றும் தெரியாது. அவர் மாடியில் இருந்தார்.

ஜெயித்த கவிஞர் உயிரோடு இல்லையென்றால் நாற்காலியில் யாரையும் உட்கார வைப்பதில்லை. கறுப்புத் துணி போர்த்தி மூடுவார்கள். அந்தத் துணி போதகர் அறை அலமாரியில், பூச்சி உருண்டை போட்டு மடித்தபடி இருந்தது.

சபை மூப்பர் என்ற முறையில் அலமாரிச் சாவி இத்தெலிடம்தான். கால்சட்டைப் பையில் இருந்தது. உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கத் தொடையில் குத்திக்கொண்டே இருந்தது.