கட்டாத கதவு

மாமனாரின் நெற்றியில் நான்கு தையல். போட்டது டாக்டர், போட வைத்தது மாப்பிள்ளை. அதில் மாப்பிள்ளைக்கே துளிச் சந்தேகம் இல்லை.

எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோதும் மாமனாரைப் பேசவிடாமல் அவன்தான் முந்திக்கொண்டான். காற்றில் வண்டிக் கதவு வந்து மோதிவிட்டது, கட்டாமல் விட்டது நான்தான் என்று வாக்குமூலம் போல ஒப்பித்தான். டாக்டரும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஊசியில் நூலைக் கோத்தார்.

"ஊர்ல உள்ள லிஃப்ட் கதவெல்லாம் இவர் கையில. ஒரு வண்டிக் கதவைக் கட்ட மட்டும் நேரம் கிடைக்கல" என்றாள் மனைவி, மருத்துவமனை வாசலிலேயே.

அவன் பதினாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். கதவு யார் மேலும் மோதாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளமே.

விடுமுறைக்காக வாடகைக்கு எடுத்த வண்டி அது. படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி என்று எல்லாம் உள்ளேயே இருக்கிற நடமாடும் வீடு. சாவியைக் கொடுத்தவர் கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார். வாசல் கதவைத் திறந்து வைத்தால் பக்கச் சுவரில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும்; காற்று அடித்தால் கொக்கியை மட்டும் நம்பக்கூடாது, கயிறும் கட்ட வேண்டும்.

சாவியை மாமனார் வாங்கிக்கொண்டார். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர் இருக்கும்போது வேறு யார் ஸ்டியரிங்கைத் தொட முடியும்? மாப்பிள்ளைக்கும் லைசென்ஸ் உண்டு என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவனுக்குக் கிடைத்தது கயிறுதான்.

இன்று காலை ஏரிக்கரையில் நிறுத்தியபோது காற்று ஆளையே தள்ளியது. அவன் கதவைத் திறந்து கொக்கியில் மாட்டினான். கயிறு சீட்டுக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுக்கச் சோம்பல்பட்டு, தண்ணீர் பிடித்து வந்து கட்டிக்கொள்ளலாம் என்று கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கேன் பாதி நிறைவதற்குள் டமார் என்று சத்தம். ஓடி வந்து பார்த்தால், படியோரம் மாமனார் உட்கார்ந்திருக்கிறார், முகமெல்லாம் ரத்தம். கொக்கி பிய்ந்து தொங்க, கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயோ மாமா, கயிறு கட்டாம போயிட்டேனே" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். மாமனார் அவனைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

தையல் போட்டுத் திரும்பியதிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமனாருக்குத் தலையணை வைத்தான், எடுத்தான், வேறொன்றை வைத்தான். மாத்திரை கொடுக்க வேண்டிய நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். கடைக்கு ஓடி ஒரு புதுக் கொக்கியும், யானையைக் கட்டுகிற தடிமனில் ஒரு கயிறும் வாங்கி வந்தான்.

பழைய கொக்கியைக் கழற்றினான். அதன் திருகாணிகள் இரண்டும் தரையைப் பார்த்து வளைந்திருந்தன. வேறொரு நாளாக இருந்தால், வளைந்த ஒரு திருகாணியை வைத்துக்கொண்டு அவன் அரைமணி நேரம் பேசியிருப்பான். இன்று அதைக் கண்கொண்டு பார்க்கவே கூசியது. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மாமனார் வாயே திறக்கவில்லை. காப்பி ஆறிப்போனாலே ஊரைக் கூட்டுகிறவர், ஆறிய காப்பியை அப்படியே குடித்தார். இவன் அந்தப் பக்கம் திரும்பினால் அவர் பார்வை ஜன்னலுக்குப் போய்விடும். நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

வெயில் இறங்குவதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்பது திட்டம். மொத்தம் நாற்பது வளைவு. இன்று வேண்டாமே, நாளைக்குப் போகலாமே என்று மகள் கெஞ்சியதற்கு, நெற்றியால் யாரும் வண்டி ஓட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார். அதுவரை அவர் பேசியது அது ஒன்றுதான்.

பேத்தி குட்டி வழக்கம் போல முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். தாத்தாவுக்குப் பக்கத்து இடம் அவளுடையது, யாரும் கேட்கக்கூடாது. தன் பொம்மையை மடியில் வைத்து இரண்டு பேருக்கும் சேர்த்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை வாசல் கதவைச் சாத்தி, பூட்டி, நாலாவது முறையாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் மெதுவாக நடந்து வந்து அவன் பின்னால் நின்றார்.

"மாமா, என்னைத் திட்டிடுங்க. இப்படி இருக்காதீங்க, தாங்க முடியல."

அவர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். வைத்துவிட்டு அவன் விரல்களையும் மூடினார்.

"நீங்க ஓட்டுங்க, மாப்பிள்ளை. இனிமே எப்பவும் நீங்கதான்."

வண்டி என்றால் உயிரை விடுகிற மனிதரை, ஸ்டியரிங்கே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டோமே என்று அவன் குறுகிப்போனான்.

"கயிறு கட்டாதது தப்புதான் மாமா. அதுக்காக இவ்வளவு கோபமா?"

மாமனார் முன்சீட்டில் இருந்த குட்டியைப் பார்த்தார். பிறகு, தையல் போட்டதிலிருந்து முதல் தடவையாக, மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்தார்.

"காத்து ஒண்ணும் பண்ணல, மாப்பிள்ளை. கண்ணு இருட்டிச்சு, கதவைப் புடிச்சுக்கிட்டே நான்தான் விழுந்தேன்."