உன் கொலுசுதான்

ஈர மணலுக்கு மேல் அடித்தட்டைக் கொண்டுபோனதுமே மெட்டல் டிடெக்டர் உளற ஆரம்பித்தது.

"உப்பு," என்றான் அவன். "கடல் உப்பும் கருமணலும் சேர்ந்தா இது இப்படித்தான் புலம்பும். ஒண்ணும் இருக்காது, இருக்கு இருக்குன்னு கத்தும்."

மனைவியிடம் சொல்லவில்லை. ஐந்து வருஷமாக ஞாயிறுதோறும் மணல் சலிக்கும் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடப்பவளுக்கு இது பழைய பாடம். சொன்னது குருவியிடம்.

குருவி அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். லீவுக்கு வந்த இடத்தில், நேற்று குளிக்கும்போது இங்கேதான் மோதிரத்தைத் தவறவிட்டாள். இன்று சாயங்காலம் ஊருக்கு ரயில். அவளுக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்யும். ஆனால் காலையில் போனை எடுத்ததிலிருந்து அவன் வாயில் குருவி, குருவிதான். மனைவியை அவன் கூப்பிடுவது "இந்தா" என்று. பால் போடுகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுவான்.

போதாததற்கு இஸ்திரி போட்ட சட்டை. மணல் தோண்டப் போகிறவனுக்கு!

முதலில் இயந்திரத்தின் உணர்திறனைக் குறைத்தான். "கூட்டி வச்சா ஆழத்துல இருக்கறதெல்லாம் கேக்கும்னு நினைப்பாங்க. இங்க கூட்டினா உப்புதான் கேக்கும்." பிறகு வெறும் மணலுக்கு மேல் தட்டை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, இந்த மண் இப்படித்தான் என்று இயந்திரத்துக்குப் பழக்கினான். புலம்பல் அடங்கி முனகலாயிற்று.

"முழுசா வாயை அடைச்சிட முடியாதா?" என்றாள் குருவி.

"அடைக்கலாம். ஆனா மெல்லிசு மோதிரமும் உப்பும் கிட்டத்தட்ட ஒரே குரல். உப்பை அடைச்சா உன் மோதிரமும் சேர்ந்து ஊமையாயிடும். கொஞ்சம் முனகட்டும், விடு."

மனைவியை நிறுத்தி வைத்து இப்படி ஒருநாளும் அவன் விளக்கியதில்லை. பின்னால் நடந்து நடந்து அவளாகத் தெரிந்துகொண்டதுதான்.

அடுத்து அவன் செய்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. தன் ஹெட்ஃபோனைக் கழற்றிக் குருவியின் காதில் மாட்டினான். வீட்டில் அதைத் துடைக்கக்கூட யாரையும் விடமாட்டான்.

"நல்லா கேளு. தங்கம்னா தணிஞ்சு, தொண்டையைக் கனைக்கிற மாதிரி வரும். வெள்ளின்னா கீச்சுன்னு கத்தும், உன்ன மாதிரி."

"போடா!" குருவி அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

ஒயர் ஒரு முழம்தான். அவன் ஓரடி வைத்தால் குருவியும் ஓரடி வைக்க வேண்டும். இருவரும் தோளோடு தோளாகக் கரையோரம் நகர்ந்தார்கள். மனைவி மண்வாரியோடு முன்னால் போய், கணுக்கால் தண்ணீரில் நின்றாள்.

அலை வந்து திரும்பியது. போகும்போது பாதத்துக்கடியில் இருந்த மணலையும் கொஞ்சம் உருவிக்கொண்டு போயிற்று. கட்டைவிரலில் ஏதோ தட்டுப்பட்டது. விரலால் தடவினாள். வட்டம். நடுவில் வெறும் மணல்.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவன் ஏதோ சொல்ல, குருவி சிரித்தாள்.

வாயை மூடிக்கொண்டு, பாதத்தை அழுத்தினாள்.

அந்த மோதிரம் குருவியின் அம்மா கடைசி நாட்களில் விரலிலிருந்து கழற்றிக் கொடுத்தது. காரில் வரும்போது குருவி அதைச் சொன்னாள். அதுகூடப் பரவாயில்லை. கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கிற்றே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மனைவியின் அம்மா போனபோது அவன் வண்டி ஏற்பாடு செய்தான், வந்தவர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்தான். ஒரு குறையும் வைக்கவில்லை. கலங்கவும் இல்லை.

மோதிரம் கிடைக்காமல் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. அவனால் கண்டுபிடிக்க முடியாமல் போகட்டும். அவ்வளவுதான்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் யாராலும் முடியாது.

தட்டு மணலைத் தடவிக்கொண்டே அவளருகில் வந்தது. அவள் பாதத்தின் மேல் போயிற்று. டிடெக்டரின் திரையில் எண் துள்ளியது. குருவி சட்டென்று நின்றாள்.

"ப்ச். உன் கொலுசுதான்," என்றான் அவன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "கழட்டி வச்சிட்டு வான்னு எத்தனை தடவை சொல்றது?"

தட்டைத் தூக்கி அந்தப் பக்கம் நகர்ந்தான். ஒயர் இழுபட்டது. குருவி அவனோடு போகவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள். அவன் அதைக் காதுக்கு ஏற்றிக்கொண்டு, தட்டை வீசியபடி நடந்துகொண்டே இருந்தான்.

குருவி மனைவிக்கு எதிரில் வந்து நின்றாள்.

"கீச்சுன்னு கேக்கலையே," என்றாள். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அலை பின்வாங்கியது. இரண்டு பெண்களும் குனிந்து பார்த்தார்கள். மனைவியின் இரண்டு கணுக்காலும் வெறுமையாக இருந்தன.

கொலுசு வீட்டில், ஃபிரிட்ஜ் மேல், கிண்ணத்தில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவதற்கு முன் அவள் கழற்றி வைக்கும் இடம் அதுதான். முதல் ஞாயிறு அவன் திட்டியதிலிருந்து ஒருமுறைகூட மறந்ததில்லை.

குருவி உடனே குனிந்து மோதிரத்தை எடுத்துவிடவில்லை. தூரத்தில் போய்க்கொண்டிருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"அவன் உங்க காலைப் பாக்கவே இல்லல்ல?"

அடுத்த அலை வருவதற்குள் அவள் காலை எடுத்தாள்.