இந்த அறைக்குள் மட்டும்

ஒப்பந்தத்தின் ஏழாவது நிபந்தனையைக் கம்பெனி வக்கீல் இரண்டாவது தடவையாகப் படித்தார். இந்த அறைக்குள் பேசுவது எதுவும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. சொந்தம், பந்தம், பத்திரிகை என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

புரிந்ததா என்று மத்தியஸ்தர் அம்மாள் கேட்டார்.

புரியாமல் என்ன? செத்துப்போன லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி தலையாட்டினாள்.

கோர்ட்டுக்குப் போனால் எட்டு வருஷம் இழுத்துவிடும் என்றுதான் இரண்டு தரப்பும் இந்தச் சமரச மையத்துக்கு வந்தார்கள். நஷ்டஈடு முதல் நாளே பேசி முடிந்தது. கம்பெனி பேரம்கூடப் பேசவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது. அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். சொல்லாமல் கையெழுத்துக் கிடையாது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கம்பெனியின் விபத்து அறிக்கையில் ஒரே ஒரு வரி. மெக்கானிக், லிஃப்டை நிறுத்திவைக்கும் ஸ்டாப் சுவிட்சை அழுத்தாமல் அதன் கூரைமேல் இறங்கினார்.

ஊர் உலகம் நம்பினால் தொலையட்டும். அந்த வரியை மாமனார் நம்பினார்.

அவரும் லிஃப்ட் மெக்கானிக்தான். முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, பத்து விரலோடும் ரிடையர் ஆனவர். சுவிட்சை அழுத்தாமல் கூரையில் கால் வைக்கிறவனை அவர் மனுஷனாகவே மதிக்க மாட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட, தப்பு நம்ம மேலதான் என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். எதிர்த்துப் பேசக் கையில் என்ன இருக்கிறது? பெரியவர் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அழுதிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள்.

மையத்துக்கு மூன்று நாளும் துணைக்கு வந்தார், அது வாஸ்தவம். வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எந்த முகத்தோடு உள்ளே வருவது என்பார்.

இன்றைக்குக் கம்பெனி ஒருவழியாக இறங்கி வந்திருந்தது. சர்வீஸ் மேனேஜர் நடந்ததை வாயால் சொல்வார். எழுத்தில் ஒரு வரிகூடத் தர மாட்டார்கள். அவள் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் வாயைத் திறந்தால் ஒப்பந்தமே ரத்து.

அடேயப்பா, என்ன பெரிய மனசு! அவளுக்கு யார் வந்து சொல்ல வேண்டும்? சமையலறை பல்பை மாற்றக்கூட மெயினை அணைத்துவிட்டு, அணைத்தாயிற்றா என்று இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவனோடு ஒன்பது வருஷம் குடித்தனம் செய்தவள் அவள். தெரிய வேண்டியவர் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிஷம் சார். வெளிய பேசக் கூடாதுன்னுதானே இதுல இருக்கு? உள்ள யாரு இருக்கலாம்னு எழுதலையே?" என்றாள் அவள்.

வக்கீல் பக்கங்களைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். அடுத்தவன் பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்தே வயிறு வளர்க்கிற மனிதர், தான் எழுதியதில் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் மத்தியஸ்தரைப் பார்த்தார்.

உள்ளே உட்காருகிறவர்களும் கையெழுத்துப் போட வேண்டும், அது ஒன்றுதான் இங்கே விதி என்று மத்தியஸ்தர் பேனாவை மேசையின் நடுவில் வைத்தார். வக்கீல் ஆட்சேபம் என்று ஆரம்பித்தார். மேனேஜர் அவர் முழங்கையைத் தொட்டு, வரட்டும் என்றார்.

அவள் கதவைத் திறந்தாள். "மாமா, உள்ள வாங்க. உங்க கையெழுத்து வேணுமாம்."

கையெழுத்து என்றதால் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழு நிபந்தனைகளையும் ஒன்று விடாமல் படித்தார். அவ்வளவு நேரமும் மேனேஜர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிய பிறகுதான் தலை நிமிர்ந்தார்.

"ஸ்டாப் சுவிட்சு பழுதுன்னு அவர் ரெண்டு தடவை எழுதிக் குடுத்தாருங்க ஐயா. நான்தான் பாக்கலாம்னு தள்ளிப் போட்டேன். அன்னைக்கு நாங்க மேல ஏறிப் பாத்தப்போ சுவிட்சு அழுத்தினபடியே இருந்துச்சு. லிஃப்ட்தான் நிக்கலை. அறிக்கையில மாத்தி எழுதினோம்."

பெரியவர் கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள், வக்கீலும் நினைத்திருக்க வேண்டும், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அழுத்தியிருந்துச்சா?"

"அழுத்தியிருந்துச்சுங்க."

இன்னொரு தடவை அதையே கேட்டார். இன்னொரு தடவை அதே பதில் வந்தது.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவளுக்குத் தெரியாததை ஓடிவந்து சொல்கிறவர் மாதிரி, "என் பையன் அழுத்தியிருக்கான்மா" என்றார்.

பதினோரு மாதமாக அவனை அவர் 'உன் புருஷன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.