நாற்பது வருடம் தாங்கும் பெயர்கள்

பன்னிரண்டாவது பெயரையும் அடித்துவிட்டார்.

சிமெண்ட் கம்பெனி. நேற்றுச் சாயங்காலம்தான் பட்டியலில் சேர்த்தது. காலையில் பல் துலக்கும்போதே அது பிடிக்காமல் போய்விட்டது.

எழுந்து மின்விசிறியை ஒன்று கூட்டினார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து ஒன்று குறைத்தார்.

விதிகள் அவரே போட்டவை. இருபது வருடம் விடாமல் பங்குக்காரர்களுக்கு லாபத்தில் டிவிடெண்ட் கொடுத்திருக்க வேண்டும். ஊரடங்கு வருடத்திலும் கையைச் சுருக்கியிருக்கக் கூடாது. கடன் கழுத்துவரை இருக்கக் கூடாது. அளவுக்கு மீறி அள்ளிக் கொடுக்கிற கம்பெனியைக் கண்டால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், இன்னும் நாற்பது வருடம் அந்தக் கம்பெனி இருக்க வேண்டும்.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. அந்த நாற்பது வருடம் அவருக்காக அல்ல.

சங்கவிக்காக.

மகளுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. மனசுக்கு ஆறு வயது. கூடத்தில் உட்கார்ந்து துணிக் கிளிப்புகளை நிறம் பிரித்து, கொட்டி, மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள். பங்கை விற்க அவளுக்குத் தெரியாது. எதையும் விற்காமலே, தானாக வந்து வங்கியில் விழுகிற பணம் வேண்டும். அவரும் மனைவியும் போன பிறகும் விழ வேண்டும்.

அதை நினைத்தால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. பயம்தான். கௌரவமாகச் சொல்ல வேறு பெயர் இல்லை அதற்கு.

உப்பு விற்கிறவன் இருப்பானா? இருப்பான். சோப்பு? அதுவும் இருக்கும். பெட்ரோல்? வண்டியெல்லாம் கரண்டில் ஓட ஆரம்பித்துவிட்டதே. அடித்தார். மனசு கேட்காமல் பக்கத்திலேயே பொடி எழுத்தில் திரும்ப எழுதினார்.

உரித்த சின்ன வெங்காயத்துடன் அந்தப் பக்கமாகப் போன மனைவி, நின்று நோட்டை எட்டிப் பார்த்தாள். ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

“கம்பெனியெல்லாம் இருக்குமுங்க. புள்ளைக்குத் தலை யாரு வாரி உடுவாங்க?”

பதிலுக்கு நிற்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டினார். கழற்றினார்.

திரும்பி வந்து நோட்டில் புதுப் பக்கம் புரட்டினார்.

விதிகள் அதே விதிகள்தான்.

மகன் நவநீதன், டொராண்டோ. வளர்கிற கம்பெனி. வருகிற லாபத்தையெல்லாம் தன் மேலேயே போட்டுக்கொள்ளும். பங்குக்காரனுக்குப் பைசா பிரிக்காது. பெற்ற பிள்ளையை இப்படி நினைக்க வலித்தது. வலித்துக்கொண்டே அடித்தார்.

திருப்பூர்த் தங்கை. கொடுப்பாள். கொடுத்ததை ஊர் முழுக்கச் சொல்லுவாள். ஊரடங்கில் வரவில்லை. யார்தான் வந்தார்கள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு போன்கூட வரவில்லையே என்பது அடுத்த நிமிடம் நினைவுக்கு வந்தது.

தங்கை மகன். மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் வருகிறான். சங்கவிக்குக் கேக், பொம்மை, கொஞ்சல். கிளம்பும்போது மட்டும் ஒரு கேள்வி: வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது மாமா?

அந்தப் பெயரை இரண்டு முறை அடித்தார்.

இடைவிடாமல் வந்தவர் யார்? நல்ல வருடம், கெட்ட வருடம் பார்க்காமல் வந்தவர்?

பேனா நின்றது. பதில் தெரிந்துவிட்டதால் நின்றது.

கோகிலவாணி.

நவநீதனின் மனைவியாக இருந்தவள். ஏழு வருடத்துக்கு முன்னால் கோர்ட்டு வராந்தாவில், இனி என் வீட்டுப் படி ஏறாதே என்று அவளிடம் சொன்னவர் இவர்தான். தப்பு மகன் மேல் என்று தெரிந்தேதான் சொன்னார்.

அவள் ஏறினாள். மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை, பத்து மணிக்கு. சங்கவிக்குத் தலைக்கு ஊற்றி, சிக்கெடுத்து, நகம் வெட்டிவிட்டுப் போவாள். மனைவி கதவைத் திறந்துவிடுவாள். இவர் ஒன்பதே முக்காலுக்கே பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கக் கிளம்பிவிடுவார், வீட்டில் காய் கிடந்தாலும்.

ஊரடங்கிலும் வந்தாள். பீளமேட்டிலிருந்து ஸ்கூட்டரில், வழியெல்லாம் போலீசிடம் மருந்துச் சீட்டைக் காட்டிக்கொண்டு. வெளியே போக வழியில்லாததால் அன்றைக்கு இவர் மொட்டைமாடிக்குப் போய்விட்டார். இரண்டு மணி நேரம், சித்திரை வெயிலில், தண்ணீர்த் தொட்டியின் நிழலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏழு வருடம். ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

பெயரை எழுதினார். அடிக்கக் கை போகவில்லை.

வெட்கமாக இருந்தது. அவளிடம் கேட்க என்ன முகம் இருக்கிறது? மறுபடி வாசல்வரை நடந்தார். மறுபடி வந்தார். கூடத்தில் ஒரு நீலக் கிளிப் சிவப்போடு சேர்ந்துவிட்டதென்று சங்கவி கை தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

செல்போனில் அந்த எண் இல்லை. கோர்ட்டிலிருந்து வந்த அன்றே அழித்தாயிற்று.

அடுப்படி வாசலில் போய் நின்று, கோகிலா நம்பர் என்றார். மனைவி தாளித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், பத்து எண்களையும் சொன்னாள்.

என்ன பேசுவதென்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் சங்கவியின் அப்பா பேசுகிறேன். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்க மாமா.”

யாரென்று சொல்லத் தேவைப்படவில்லை. மனப்பாடம் பண்ணி வைத்ததில் அடுத்த வரி நினைவுக்கு வரவில்லை.

“மாமா? சங்கவிக்கு ஒண்ணுமில்லீங்களே?”

“ஒண்ணுமில்லம்மா.” நாற்காலியில் உட்கார்ந்தார். “இந்தச் சனிக்கிழமை… நான் வீட்டுல இருக்கறேன்.”